முதல் கைதட்டு

கைதட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளங்கைகளைத் தட்டையாக வைத்து அடித்தால் சத்தம் சிதறிப்போகும். லேசாகக் குழித்து, வலது கை விரல்கள் இடது உள்ளங்கையில் சற்றே சாய்வாக விழும்படி அடித்தால், கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவன்கூடத் தன்னையறியாமல் சேர்ந்து தட்டுவான். எங்கள் மருத்துவக் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் முதல் கைதட்டு என்னுடையதுதான். யாரும் என்னை நியமிக்கவில்லை. சிலருக்குக் குரல்வளம் அமைகிற மாதிரி எனக்குக் கைவளம் அமைந்துவிட்டது. "கை தட்டறதுக்காவது தனியா ஏதாவது தர்றாங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் விடை சொல்லாமல் தப்ப முடியாது.

தண்ணீருக்கு நன்றி. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தாள் பறக்கிறது.

உங்கள் கோப்பில் ஒரு சொல் தவறாக எழுதப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அது எந்தச் சொல் என்று கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டுத் திருத்தினால் காரணம் மனதில் நிற்காது. இது வகுப்பறைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மருந்தியல் துறைத் தலைவரை மாணவர்கள் 'தூண்' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கண்டுபிடித்த பெயர் இல்லை. ஒரு கூட்டத்தில் அவரே, "இந்தத் துறை சரிஞ்சுடாம தாங்கிக்கிட்டு நிக்கிற தூண் நான்" என்று சொன்னார். அதன்பிறகு வேறு பட்டப்பெயர் தேடும் சிரமம் மாணவர்களுக்கு இல்லாமல் போயிற்று. என்னைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர். ஆனாலும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பாசம் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விருந்தினர் ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்த வாயைத் திறந்தவர், அப்படியே நின்று, "இவர்தான் நம்ம தம்பி" என்று முடித்தார். அவருக்கு என் பெயர் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கைதட்டல் கேட்டால் எழுந்துவிடுவார். உட்கார்ந்தபடி தலையசைத்து ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. நாற்காலி பின்னால் தள்ளிப்போகிற வேகத்தில் எழுந்து, மார்பை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தூக்கி, போதும் போதும் என்று சைகை காட்டி, அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வார். பக்கத்து அரங்கில் வேறு யாருக்கோ தட்டியதற்குக்கூட ஒரு தடவை எழுந்திருக்கிறார்.

இப்போது ஒரு சின்னப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்ததும் உங்கள் ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரிதான், அதற்கு உங்கள் பதவியெல்லாம் தெரியாது. கழுத்து ரத்தக் குழாயில் இருக்கும் காவலாளிகள் அழுத்தம் இறங்குகிறது என்று மூளைக்குச் சேதி சொல்வார்கள். குழாய்களை இறுக்கு என்று மூளை உத்தரவு போடும். அந்த உத்தரவு நேராகப் போய்ச் சேராது. முதுகெலும்பை ஒட்டி வரிசையாகப் பரிவு நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன, அரசாங்க அலுவலக மேசைகள் மாதிரி. ஒரு நரம்பு கோப்பைக் கொண்டுவந்து மேசை வரைக்கும் வரும். அங்கிருந்து இன்னொரு நரம்பு எடுத்துப்போகும். நடுவில் கைமாற்றிவிடுகிற ஆள் அசிடைல்கோலின் என்கிற ரசாயனம். அது வந்து மேசை முன்னால் இருக்கும் நாற்காலியில் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தால் கோப்பு நகரும். இத்தனையும் நீங்கள் எழுந்து நிற்பதற்குள் முடிந்துவிடுகிறது. அரசாங்க அலுவலகத்துக்கும் உடம்புக்கும் உள்ள ஒரே வித்தியாசம் அதுதான்.

இந்த நாற்காலியில் வேறு ஆட்களும் வந்து உட்காரலாம். நிகோட்டின் என்பது மேற்பார்வையிட வருகிற பெரிய அதிகாரி மாதிரி. வந்து உட்கார்ந்ததும் அலுவலகமே அலறியடித்துக்கொண்டு வேலை செய்யும். இதயம் படபடக்கும், அழுத்தம் எகிறும். ஆனால் அந்த அதிகாரி எழுந்து போகமாட்டார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே மேசை மரத்துப்போய், கடைசியில் ஒரு கோப்பும் நகராது. முதலில் தூண்டல், பிறகு அதே ஆளாலேயே தடை. ஹெக்சாமெத்தோனியம் வகையறா வேறு மாதிரி. தூண்டுவதெல்லாம் அதன் வழக்கம் இல்லை. சத்தம் போடாமல் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். தானும் வேலை செய்யாது, வேலை தெரிந்தவனையும் உட்காரவிடாது. வகுப்பில் இதற்கு உதாரணம் சொல்ல நினைத்துக் கதவுப் பக்கம் பார்ப்பேன். எதிர் அறை வாசலில் தலைவரின் பெயர்ப்பலகை தெரியும். மாணவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

அப்படித் தடுக்கப்பட்ட ஆள் படுத்திருந்தால் பெரிய மோசமில்லை, அழுத்தம் கொஞ்சம் குறையும். எழுந்து நின்றால்தான் சங்கடம். உத்தரவு மேசையைத் தாண்டாது, குழாய் இறுகாது, ரத்தம் காலில் தேங்கிவிடும், ஆள் விழுவான். ஒரு காலத்தில் ரத்தக்கொதிப்புக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். நோயாளிகள் பொத்துப் பொத்தென்று விழுந்ததும் ஒரு காரணம், கைவிட்டுவிட்டார்கள்.

இனி புத்தகம். தூண் பெயரில் ஒரு பாடநூல் இருக்கிறது, தலையணைக்கு வைத்துக்கொள்கிற அளவு. அதில் நரம்பு முடிச்சு அத்தியாயத்தை எழுதியவன் நான். அவர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். என் பெயர் எப்படியாவது வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்பே முன்னுரையின் நகலைப் பார்த்துவிட்டேன். "தட்டச்சுப் பணியில் உதவிய துறை நண்பர்களுக்கும்" என்று ஒரு வரி இருந்தது. என் மனைவி அடுப்படியில் நின்றபடி அதை வாங்கிப் படித்தாள். "இதுல நீங்க யாருங்க? தட்டச்சா, நண்பரா?" என்று கேட்டாள்.

கோபமெல்லாம் வரவில்லை. கடைசித் திருத்தத்துக்கு என்னிடம்தான் அத்தியாயம் வந்தது. ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினேன். "இம்மருந்துகளால் ரத்த அழுத்தம் குறையும்போது நோயாளி படுத்திருந்தாலும் நின்றாலும் வேறுபாடு இல்லை." அவ்வளவுதான். விவரம் தெரிந்த யாராவது வெளியீட்டு விழாவில் எழுந்து கேட்பார்கள், தூண் திருதிருவென்று விழிப்பார், அத்தியாயத்தை எழுதியவர் வேறொருவர் என்கிற விஷயம் தானாக வெளியே வரும். செருப்புக்குள் ஒரு பொடிக்கல் போடுகிற மாதிரியான காரியம். அதைப் போய்க் குற்றம் என்று சொல்வீர்களா?

யாரும் கேட்கவில்லை. பாராட்டினவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. படித்த மாணவர்களோ மனப்பாடம் செய்தார்கள். ஒரு மாணவி பரீட்சையில் சரியாக எழுதி மதிப்பெண் இழந்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். "சார், நின்னா விழுந்துடுவாங்கதானே?" என்றாள். கண் கலங்கியிருந்தது. புத்தகத்தில் இருக்கிறதை எழுதும்மா என்று சொல்லி அனுப்பினேன். மருந்தே புழக்கத்தில் இல்லை, அதனால் யாருக்கும் கேடில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். உண்மையும் அதுதான். அந்த வாக்கியம் அதுவரை ஒரு ஈ எறும்பைக்கூடக் கொன்றதில்லை.

இதற்குள் தூணுக்கு அந்த வாக்கியத்தின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. மற்ற எந்தப் புத்தகத்திலும் இல்லாத கருத்து தன் புத்தகத்தில் இருக்கிறது என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். மற்ற புத்தகங்கள் தவறு என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் அவருக்குத் தோன்றவில்லை. மேடைக்கு மேடை பேசினார். மாணவர்கள் அதைத் 'தூண் விதி' என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

பிறகு ஒரு கருத்தரங்கில் வெளியூரிலிருந்து வந்த அறிஞர் ஒருவர் மிக மரியாதையாக எழுந்து, தங்கள் விதி எனக்குத் தெரிந்த எதோடும் ஒத்துப்போகவில்லையே என்றார். அவ்வளவு வருஷம் கழித்து என் பொடிக்கல்லை ஒருவர் மிதித்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தூணின் முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது. பரிவு நரம்புகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நம்ம புத்தகத்துல அது சரியாத்தானே இருக்கு?"

நம்ம புத்தகம். அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். முன்னுரை எழுதும்போது கேட்டிருந்தால் இன்று நீங்களும் நானும் சந்தித்திருக்கவே மாட்டோம்.

"சரியா இருக்கு சார்" என்றேன்.

அவர் ஒலிவாங்கியை இழுத்து, கல்லூரி ஆண்டுவிழாவில் தானே அந்த மருந்தைச் சாப்பிட்டு, எல்லோர் கண் முன்னாலும் தன் விதியை நிரூபித்துக் காட்டப்போவதாக அறிவித்தார். முதல் ஆளாகத் தட்டினேன். அரங்கமே அதிர்ந்தது.

மனிதர்கள் மேல் சோதனை செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவுக்கும் தூண்தான் தலைவர். தன் விண்ணப்பத்தை முதலில் திருப்பி அனுப்பினார், தன்னிடமே விளக்கம் கேட்டார், விளக்கம் திருப்தியாக இருந்ததால் அனுமதித்தார். நேர்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

பொது மருத்துவத் துறையின் பேராசிரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் எல்லோரும் 'டாக்டரம்மா' என்போம். அந்தக் கல்லூரியில் அப்படிக் கூப்பிட்டால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். தூண் கேட்கமாட்டார் என்று தெரிந்ததும் என்னிடம் வந்தார். நானும் அவரும் சேர்ந்து பாதுகாப்பாக ஒரு திட்டம் போட்டோம். மேடையில் சாய்மேசை இருக்கும். ஆளைப் படுக்கவைத்து வாரால் கட்டி, மேசையை மெல்ல மெல்ல நிமிர்த்தலாம். அழுத்தம் இறங்கினால் உடனே பழையபடி படுக்கவைத்துவிடலாம். திரையில் எண்கள் தெரியும். விதி தவிடுபொடியாகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. "மருந்து உள்ள போனதுக்கப்புறம் மனுஷன் எழுந்திருக்கவே கூடாது. அது உங்க பொறுப்பு" என்றார் டாக்டரம்மா. என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன். இதுவரை நான் உங்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிநிரல் தயாரித்தது நான். தொகுத்து வழங்கியதும் நான்தான். முதலில் சோதனை, பிறகு பாராட்டு என்று இருந்ததை முன்பின்னாக மாற்றினேன். மாத்திரை ரத்தத்தில் சேர நேரமாகும், சும்மா படுத்துக்கிடப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் பாராட்டுரைகளைக் கேட்கலாமே என்றேன். தூணுக்கு அதில் ஆட்சேபம் இருக்குமா? புழக்கத்தில் இல்லாத மாத்திரையை எங்கிருந்தோ தருவித்ததும், எத்தனை என்று முடிவு செய்ததும் அவர்தான். கூடவும் குறையவும் இல்லாமல் அவர் சொன்னதைத்தான் தட்டில் வைத்தேன். எல்லோரும் பார்க்க விழுங்கிவிட்டு, மேடை நடுவில் போட்டிருந்த பெரிய சோபாவில் அமர்ந்தார். கால்மேல் கால். பின்னால் சாய்மேசை, பாராட்டு முடிந்ததும் அவரை அப்படியே தூக்கிக் கிடத்த, வார்களோடு காத்திருந்தது.

பேச்சாளர்கள் நிறையப் பேர். அத்தனை பேரையும் கூப்பிட்டதும் நான்தான். கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும்படி அவையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் அவரை மலை என்றார், இன்னொருவர் கடல் என்றார். மருந்து உள்ளே மேசை மேசையாகப் போய் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பரிவு நரம்பு முடிச்சு, அதற்கு எதிரான நரம்பின் முடிச்சு என்கிற பாகுபாடெல்லாம் அதற்கு இல்லை. எச்சில் ஊறாமல் அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். மேடை விளக்குகளின் சூட்டில் எல்லோரும் வியர்த்து ஒழுக, அவர் முகம் மட்டும் காய்ந்த மாவு மாதிரி இருந்தது. ஏற்புரைத் தாளைக் கண்ணருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். என்னைச் சைகையால் கூப்பிட்டார்.

"தம்பி, கண்ணாடி போட்டும் எழுத்து தெரியல. இது இப்படித்தான் இருக்குமா?"

குரலில் ஒரு சின்னப் பயம் இருந்தது. அவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நல்ல கேள்வி, மாணவன் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன்.

"இப்படித்தான் சார் இருக்கும். பேச்சு உங்களுக்கு மனப்பாடம்தானே" என்றேன்.

முன்வரிசையிலிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினார். உட்கார்ந்தே இருக்கட்டும் என்று அர்த்தம். புரிந்தது என்று தலையசைத்தேன். கடைசிப் பேச்சாளர் இறங்கினார். அடுத்து நான் அறிவிக்க வேண்டியது பரிசளிப்பு. தலைவர் அமர்ந்தபடியே பரிசைப் பெற்றுக்கொள்வார், அவையினரும் அருள்கூர்ந்து அமர்ந்தே இருங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வரியை டாக்டரம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், என் கையில் ஒலிவாங்கி இருந்தது. கையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு கைதட்ட முடியாது. அதனால் அதைக் கீழே வைத்தேன்.

உள்ளங்கைகளை லேசாகக் குழித்து, எழுந்து நின்று, தட்டினேன். முதல் வரிசை எழுந்தது, இரண்டாவது எழுந்தது, பிறகு அரங்கம் மொத்தமும். டாக்டரம்மா ஏதோ கத்தினார். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

தூண் எழுந்தார். எப்போதும் போலத்தான், மார்பை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தூக்கி. போதும் என்று சைகை காட்ட அவருக்கு நேரம் இருந்தது. அது நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் நேரமில்லை. உத்தரவு மூளையிலிருந்து கிளம்பியிருக்கும், முடிச்சு வரைக்கும் வந்திருக்கும். அங்கே நாற்காலி காலியில்லை. அவர் முகத்தில் ஒரு மாதிரியான யோசனை தெரிந்தது. தன் புத்தகத்தை முதல் தடவையாகச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு முன்பக்கமாகச் சாய்ந்தார். பரிசாகக் கொடுக்க அவருக்கு முன்னால் வைத்திருந்தது கருங்கல்லில் செதுக்கிய திறந்த புத்தகம். அதன் விளிம்பில்தான் தலை பட்டது. அது நான் ஏற்பாடு செய்தது அல்ல. அந்த அளவுக்கு நான் ரசனை கெட்டவன் இல்லை.

கைதட்டல் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. செய்முறை விளக்கம் தொடங்கிவிட்டது என்று பின்வரிசை நினைத்துவிட்டது. டாக்டரம்மா மேடையேறி அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தார். அழுத்தம் திரும்பியது. ஆனால் மண்டைக்குள் கசிந்த ரத்தத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் மருத்துவமனையில் காலமானார். விதி பொய்த்தது. நான் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமலே.

எல்லோரும் அழுதார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத் தம்பி தம்பின்னு சொல்லிட்டே இருப்பார்" என்றார். அது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

டாக்டரம்மா மட்டும் மருத்துவமனை நடைபாதையில் என்னைத் தனியாக நிறுத்தினார். "மைக் உங்க கையிலதானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

என் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நான் செய்த ஒரு வேலையை வரி விடாமல் படித்த முதல் ஆள் அவர். வாயைத் திறந்தேன். முழுவதும் சொல்லிவிட்டிருப்பேன், நிகழ்ச்சிநிரலை மாற்றியதிலிருந்து. அதற்குள் அவரே என் தோளைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க, பதட்டத்துல மறந்திருப்பீங்க. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறந்திருப்பேனாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் வந்தேன். உங்கள் கோப்பில் 'விபத்து' என்று போட்டிருக்கிறது. அதுதான் தவறான சொல். அடித்துவிட்டு 'கொலை' என்று எழுதுங்கள். வாக்கியத்தை மாற்றியது, சரி என்று சொன்னது, நிகழ்ச்சிநிரலைப் புரட்டியது, ஒலிவாங்கியை வைத்தது, தட்டியது, ஐந்தும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. உங்களுக்குத் துக்கம் சார், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று நீங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே சொன்னது உங்கள் நல்ல மனசு. எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. மனசாட்சிதான் உறுத்துகிறது. பெயர், புகழ் இதற்கெல்லாம் அலைகிற மனிதரை இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அந்த வியாதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முழுவதும் எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுத்து அழகாக இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். இங்கே, முதல் வரியில். என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' விட்டுப்போயிருக்கிறது.